இழுத்துக் கட்டுவதா, இறங்கிப் போவதா?

கொட்டகலை

அன்புள்ள சுகந்திக்கு,

உன் கடிதத்துக்குள் மூன்று பேர் சண்டை பிடிக்கிறார்கள். முன்பக்க இஸ்தோப்பை அடைத்து, பின்பக்கக் குசினியை ஆறடி இழுத்து, அதன்மேல் கொங்கிறீட் போட்டுவிடலாம் என்கிறான் அண்ணன். அட்டனில் வாடகை வீடு பார்த்து எல்லோரும் இறங்கிவிடலாம் என்கிறாள் அண்ணி. வீட்டுத்திட்டத்தில் நம் பெயர் வரும், அதுவரை யாரும் ஒரு கல்லைக்கூடத் தொடக் கூடாது என்கிறார் அப்பா. நடுவில் நீ. மாதம் பிறந்தால் சம்பளம் வருகிற ஆள் அந்த வீட்டில் நீ ஒருத்திதான். கடனுக்குக் கையெழுத்துப் போடப் போகிறவளும் நீதான். அதனால் கடைசி வார்த்தையைச் சொல்லும் உரிமை உனக்கு உண்டு. கூச்சப்படாதே.

இடம் போதாது என்பதில் விவாதமே இல்லை. லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராவில் ஆறு பேர், சித்திரையில் ஏழாவது ஆளும் பிறந்துவிடும். இவ்வளவு சின்னதாக ஏன் கட்டினார்கள் என்று உன் வகுப்புப் பிள்ளைகளும் ஒருநாள் கேட்பார்கள். கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் அறுவடைக்கு வந்து, முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். வந்து தங்கிப் போகிற ஆளுக்கு ஒரு கூரை போதும் என்று துரைமார் நினைத்தார்கள். 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1869 முதல் கோப்பியில் இலைநோய் விழுந்தது. தேயிலைக்கு வருடம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும், அதற்குக் குடும்பமாய் இங்கேயே இருக்க வேண்டும். ஆட்கள் நிலையாகத் தங்கினார்கள். காம்பிராவின் அளவு மட்டும் கோப்பிக் காலத்திலேயே நின்றுவிட்டது.

வீடு கட்டுவதைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் காசைக் கணக்குப் பார்க்கச் சொல்வார்கள். தோட்டத்து ஆபிசில் கிளாக்கராக இருந்து, வேலையாட்களின் பெயரேறும் செக்ரோல் எழுதியவன் நான் சொல்கிறேன்: நம் ஆட்களுக்குக் காசு மூன்றாவது கேள்வி. காலுக்குக் கீழே உள்ள மண் யாருடையது, அந்த மண் நிற்குமா, இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்த பிறகே மேசன் பாஸைக் கூப்பிட வேண்டும்.

முதலில் மண்ணின் சொந்தம். 1972-லும் 1975-லும் வந்த காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992-ல் கம்பனிகளிடம் நிருவாகம் போனது. காணி இன்றும் அரசுடையது, கம்பனியின் கையில் இருப்பது 53 வருடக் குத்தகை, அது 2045-ஐ ஒட்டி முடியும். அந்தக் காம்பிராவில் நம் ஆட்கள் வாடகைக்காரரும் இல்லை, சொந்தக்காரரும் இல்லை. செக்ரோலில் பெயர் இருப்பதால் குடியிருக்கிறோம், அவ்வளவுதான். நீ எழுப்புகிற புளொக்கல் சுவரை விற்க முடியாது, பிள்ளைக்கு எழுதி வைக்க முடியாது, வங்கியில் ஈடு வைக்கவும் முடியாது. எட்டு லட்சம் போட்டு இழுத்துக் கட்டினாலும் பத்திரம் என்று கையில் ஒரு துண்டுக் காகிதம் இருக்காது.

அண்ணனிடம் இதைச் சொன்னால், "லயத்தில் எல்லாரும்தானே இழுத்துக் கட்டியிருக்கிறார்கள்" என்பான். சரிதான். ஆனால் துரை வாயால் "சரி, கட்டு" என்பது வேறு, எழுத்தில் கொடுப்பது வேறு. துரை மாறினால் வாய்வார்த்தையும் அவரோடு போய்விடும். 2023 ஓகஸ்டில் மாத்தளை ரத்வத்தைத் தோட்டத்தில் ஒரு குடும்பத்தின் தற்காலிகக் குடியிருப்பைத் தோட்ட அதிகாரி உடைக்கிற காணொளியை நாடே பார்த்தது. மலையக மக்கள் வந்து 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து நடந்தவர்கள் மாத்தளைக்கு வந்து சேர்ந்ததும் அதே மாதத்தில்தான்.

இன்னொரு இடத்தையும் பார். திருநெல்வேலிப் பக்கம் மாஞ்சோலை. சிங்கம்பட்டி ஜமீன் காட்டை 99 வருடக் குத்தகைக்கு எடுத்து பாம்பே பர்மா கம்பனி போட்ட தேயிலை. குத்தகை 2028-ல் முடிகிறது. 2024-லேயே கம்பனி வேலையை நிறுத்தி, விருப்ப ஓய்வு என்று கையெழுத்து வாங்கி, வீட்டைக் காலி செய்யச் சொன்னது. அங்கே பிறந்து அங்கேயே கிழவரானவர்களுக்கும் மலையில் சொந்தமென்று ஒரு சாண் நிலம் இருக்கவில்லை. நமக்கு 2045-ல் அதே கதிதான் என்று நான் சொல்லவில்லை. நம் பக்கத்தில் வாக்குப்பலம் இருக்கிறது, 2003-க்குப் பிறகு பிரசாவுரிமைச் சிக்கலும் தீர்ந்துவிட்டது. ஆனால் உன் அண்ணன் போட நினைக்கிற கொங்கிறீட்டின் ஆயுள் அந்தக் குத்தகையின் ஆயுளை விட நீளம். அதை அவன் யோசித்ததாகத் தெரியவில்லை.

அதிலும் அந்தக் கொங்கிறீட்டை எதன் மேல் வைக்கப் போகிறான்? கருங்கல்லும் மண்சாந்தும் வைத்து எழுப்பிய சுவர். தகரக் கூரையைத் தாங்கத்தான் கட்டியது. போதாததற்கு, உங்களுடைய சுவரும் பக்கத்துக் காம்பிராச் சுவரும் ஒன்றே. மேலே பாரம் ஏற்றினால் வெடிப்பு பக்கத்து வீட்டுக்காரருக்கும் போகும். எந்த நல்ல பாஸும் இதற்குச் சம்மதிக்க மாட்டார். சம்மதிக்கிற பாஸை வைத்து வேலை செய்யாதே.

இனி மண் நிற்குமா என்ற கேள்வி. இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

குசினியை ஆறடி இழுக்க வேண்டுமானால் பின்னால் உள்ள மண்மேட்டை வெட்ட வேண்டும். லயத்துக்கும் மேட்டுக்கும் நடுவில் ஒரு கான் ஓடுகிறதே, அதை வெள்ளைக்காரன் அழகுக்குப் போடவில்லை. மேலே மலையிலிருந்து இறங்குகிற தண்ணீரை லயத்தின் அத்திவாரத்துக்குள் விடாமல் பக்கவாட்டில் கொண்டுபோய் ஓடையில் சேர்க்கும் கான் அது. நம் ஆட்கள் குசினியை இழுக்கும்போது கானை மூடி, அதன்மேலேயே சுவர் எழுப்பிவிடுகிறார்கள். தண்ணீருக்குப் போக வழியில்லை. அது மேட்டின் அடியில் ஊறி நிற்கும். அதோடு மேட்டின் காலையும் செங்குத்தாக வெட்டியாகிவிட்டது. மேலே உள்ள மண்ணைத் தாங்கிப் பிடித்திருந்தது அந்தக் கால்தான். இரண்டும் சேர்ந்தால், பத்து வருடம் ஒன்றும் நடக்காமல் இருந்து, பதினோராவது வருடம் ஒரே இரவு மழையில் மேடு குசினிக்குள் வந்துவிடும். அந்த நேரம் குசினியில் இருப்பது யார் என்று யோசி. விடியுமுன் எழுந்து அடுப்புப் பற்றவைக்கிற அம்மா.

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது தொலைக்காட்சியில் பார்த்திருப்பாய். அந்த இடம் ஆபத்தென்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வருடங்களுக்கு முன்பே சொல்லியிருந்தது. எங்கே போவதென்று வழி காட்ட ஆளில்லாததால் சனம் அங்கேயே இருந்தது. தப்பியவர்களில் பலர் புதுவீடு கிடைக்க ஏறக்குறைய இரண்டு வருடம் ஒரு தேயிலை ஸ்டோரில் காத்துக் கிடந்தார்கள். 2020 ஓகஸ்ட் 6 இரவு மூணாறு பெட்டிமுடியில் லயங்கள் புதைந்து 70 பேர் போனார்கள். அவர்களும் பெரும்பாலும் நம்மைப் போல் தமிழ்நாட்டிலிருந்து போன தமிழ்க் குடும்பங்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் கண்டி, நுவரெலியா, பதுளை மலைகளை என்ன செய்தது என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே முதலில் ஒரு மழைநாளில் குடையைப் பிடித்துக்கொண்டு லயத்தைச் சுற்றி நட. வெயிலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மேட்டில் பிறைபோல வளைந்த வெடிப்பு உண்டா? தேயிலைக்கு நடுவில் நிற்கிற சவுக்கு, கரண்டுக் கம்பம் ஏதாவது சாய்ந்திருக்கிறதா? நேற்றுவரை சரியாக மூடிய கதவு இன்று நிலையில் இறுகுகிறதா? புதிதாக எங்காவது ஊற்று கசிகிறதா? எப்போதும் ஓடுகிற பீலித் தண்ணீர் திடீரென்று நின்றோ கலங்கியோ போகிறதா? இவற்றில் ஒன்றிருந்தாலும் இழுத்துக் கட்டுவதென்ற பேச்சை அன்றோடு விட்டுவிட்டு, கிராம உத்தியோகத்தர் வழியாகப் பிரதேச செயலகத்துக்கு எழுது. நுவரெலியா உட்பட மண்சரிவு மாவட்டங்களில் முறைப்படி வீடு கட்டக் கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை கட்டாயம். அதைத் தொல்லை பிடித்த வேலையென்று நினைக்காதே. சாதாரணக் குடும்பம் ஒரு நிபுணரை மேட்டைப் பார்க்க வைக்க நான் அறிந்த மலிவான வழி அதுதான்.

மழைக் கணக்கையும் வீட்டில் எல்லோருக்கும் பாடமாக்கு. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் கவனம். 100 ஆனால் சாமானைக் கட்டி வைத்துக்கொண்டு தயாராக இருக்க வேண்டும். 150 ஆனாலோ, ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினாலோ வெளியேற வேண்டும். மழைமானி இல்லையென்று சொல்லாதே. நேரான பக்கம் உள்ள ஒரு போத்தலின் கழுத்தை வெட்டி, அடிமட்டத்தை ஒட்டி வெளியில் வைத்தால் போதும். உன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளே செய்துவிடுவார்கள்.

அப்படியானால் காம்பிராவில் ஒன்றுமே செய்யக் கூடாதா என்று கேட்பாய். செய்ய வேண்டியவை இருக்கின்றன, அவற்றுக்கு வீட்டுத்திட்டம் வரட்டும் என்று காத்திருப்பதும் தப்பு. உனக்கும் அண்ணன் மகளுக்கும் உடுப்பு மாற்ற, படிக்க, கதவு சாத்திக்கொள்ள ஓர் இடம் வேண்டும். சேலையைக் கட்டி மறைக்கிற காலத்தை உன் பாட்டியோடு முடித்திருக்க வேண்டும். இஸ்தோப்பைப் பலகையாலும் தகரத்தாலும் அடைத்து ஓர் அறையாக்குங்கள். ஆணியைக் கழற்றினால் புதுவீட்டுக்கும் கொண்டுபோகக் கூடிய சாமானாகப் பார்த்து வாங்குங்கள். கழிவறைக்குப் போட வேண்டிய செலவை யோசிக்காமல் போடு. பின்பக்கக் கானைத் திறந்து துப்புரவாக்கு. அதற்குக் கூலி மட்டும்தான்.

கரண்டு வேலையை மட்டும் சிக்கனப்படுத்தாதே. ஒரு மீற்றரிலிருந்து வயரை இழுத்து அடைத்த அறைக்கும் குசினிக்கும் பிரித்துக் கொடுப்பது எல்லா லயத்திலும் நடக்கிறது. கேத்தலும் இஸ்திரிப்பெட்டியும் அதே வயரில். லயத்தில் கூரை ஒரே தொடராக ஓடுவதால் முதல் காம்பிராவில் பிடித்த தீ தொங்கல் காம்பிரா வரை போகும். மலையகத்தில் வருடா வருடம் லயம் எரிந்த செய்தி வருகிறது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சேமலாபப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்து, எரிகிற வீட்டிலிருந்து வெறுங்கையோடு வருகிறார்கள். அவற்றின் பிரதி ஒன்றை உன் பள்ளி அலுமாரியில் வை.

இப்போது அண்ணியின் யோசனை. அவளை நீங்கள் எல்லோரும் அவசரக்காரி என்று ஒதுக்கிவிட்டீர்கள் என்று உன் எழுத்திலேயே தெரிகிறது. எனக்கு அவள் பேச்சில் பாதி நியாயமாகப் படுகிறது. அட்டனில் இருந்தால் டிக்கோயா ஆஸ்பத்திரி கிட்ட, பள்ளிக்கூடம் கிட்ட, அண்ணனின் ஓட்டோவுக்கும் ஓட்டம் கிடைக்கும். ஆனால் அம்மாவும் அப்பாவும்? அம்மா காலையில் பேர் கொடுக்கப் பிரட்டுக்கு நிற்க வேண்டும். அட்டனிலிருந்து அந்த மலைக்கு முதல் பஸ் வருவதற்குள் பிரட்டு கலைந்துவிடும். நாட்சம்பளம் 2024-ல் 1,350 ரூபாயானது. 2026-க்கான வரவுசெலவுத் திட்டத்தில் அரசின் வருகை ஊக்கத்தொகையையும் சேர்த்து அதை 1,750 ஆக்க முன்மொழிந்தார்கள். எந்தத் தொகையென்றாலும் வேலைக்கு வந்த நாளுக்குத்தான் சம்பளம். நகர வாடகையை அந்தக் கணக்கில் ஏற்றினால் மாதக் கடைசியில் அது உன் தலையில்தான் விழும்.

ஆகவே எல்லோரும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுப் பார். அண்ணன், அண்ணி, பிள்ளைகள் இறங்கட்டும். அப்பா அம்மா காம்பிராவிலேயே இருக்கட்டும், நீயும் இப்போதைக்கு அவர்களோடு இரு. ஏழு பேருக்கு நெருக்கமான இடம் மூன்று பேருக்கு ஓரளவு போதும். இதைக் குடும்பம் பிரிந்துவிட்டதென்று லயத்தில் நாலு பேர் பேசுவார்கள். பேசட்டும்.

இந்த இடத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை யாரும் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். அம்மாவுக்கு 50 தாண்டினால் சேமலாப நிதியை எடுத்துக்கொண்டு வேலையை விடலாம், அப்பாவுக்கு 55. இருவரும் விட்ட பிறகு அந்தக் காம்பிராவில் செக்ரோலில் பெயர் யாருக்கு இருக்கும்? அண்ணன் ஓட்டோ, நீ ஆசிரியை, அண்ணி தோட்ட வேலைக்குப் பதிந்ததே இல்லை. வேலைக்கு ஆள் இல்லாத காம்பிராவை நிருவாகம் ஒருநாள் கேட்கும். எல்லாத் துரையும் கேட்பதில்லை, ஆனால் கேட்டால் உன் கையில் பதில் இல்லை. எனவே அம்மா பேப்பரில் கையெழுத்து வைக்குமுன் வீட்டுத்திட்டப் பட்டியலில் உங்கள் குடும்பம் எந்தப் பெயரில், எந்த நிலையில் இருக்கிறதென்று எழுத்தில் கேட்டு வாங்கு. அண்ணன் குடும்பம் தனிக் குடும்பமாகப் பதிந்திருக்கிறதா என்றும் கேள். ஒரு காம்பிராவில் இரண்டு குடும்பம் இருந்தாலும் பட்டியலில் ஒன்றாகவே எழுதிவிடுகிற வழக்கம் உண்டு.

அப்பாவின் நம்பிக்கைக்கு வருகிறேன். அது வெறும் கனவில்லை. 2015-க்குப் பிறகு 7 பேர்ச் காணியில் 550 சதுர அடித் தனிவீடு என்று நிறையக் குடும்பங்கள் லயத்தை விட்டு வெளியேறியிருக்கின்றன. இந்திய உதவியில் முதலில் 4,000 வீடு, 2017 மே மாதம் மோடி நோர்வூட்டுக்கு வந்தபோது இன்னும் 10,000 என்றார். 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் 2,000 பேருக்கு உரிமைப் பத்திரம் கொடுத்தார்கள். வாக்குக் கொடுத்ததற்கும் பத்திரம் கொடுத்ததற்கும் நடுவில் எட்டு வருடம் போயிருப்பதைக் கவனி. அந்த எட்டு வருடத்தில் ஒரு பிள்ளை பிறந்து மூன்றாம் ஆண்டுக்குப் போய்விடும். அதனால்தான், அப்பா சொல்வதுபோல் காத்திருக்கவும் வேண்டும், காத்திருக்கும் காலத்தில் வாழவும் வேண்டும் என்கிறேன்.

பெயர் வந்துவிட்டால் நீ பார்க்க வேண்டியவை வேறு. ஒரு பேர்ச் 272 சதுர அடிக்குக் கொஞ்சம் கூட. ஏழு பேர்ச் என்றால் சுமார் 1,900 சதுர அடி. வீட்டுக்கு 550 போனால் மிச்சம் 1,350. கேட்க நிறைய. நம் மலையில் அதில் பாதி சரிவாகவும் பண்படாத மேடாகவும் இருக்கும். ஆனால் இழுத்துக் கட்ட வேண்டுமென்ற அண்ணனின் ஆசைக்குச் சரியான இடம் அதுதான். எனவே வீட்டை மூலையில் வைக்கும்போதே பின்னால் இரண்டு அறை வருமென்று நினைத்து, மலகூடக் குழியை அந்தப் பக்கம் தோண்டாமல் பார்த்துக்கொள். குழி நடுவில் விழுந்த வீட்டை எந்தப் பக்கமும் பெருப்பிக்க முடியாது. மீற்றர், தண்ணீர்க் குழாய் இரண்டையும், இழுத்துக் கட்டப் போகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் வை.

பிறகு உறுதி. 90-களில் கடன் திட்டத்தில் கட்டிய எத்தனையோ வீட்டுக்காரர்களின் தவணையைச் சம்பளத்தில் பிடித்து எழுதியவன் நான். கடனைக் கடைசிச் சதம்வரை கட்டி முடித்தும் உறுதி கையில் வராத குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. சாவி கொடுக்கிற விழாவும் மாலையும் வேறு, காணிப் பதிவகத்தில் பெயர் ஏறுவது வேறு. எந்தக் காகிதம் கொடுத்தாலும் ஒரு நொத்தாரிசிடம் காட்டி, இதை வைத்து விற்கலாமா, பிள்ளைக்கு எழுதலாமா, வங்கியில் வைக்கலாமா என்று மூன்றையும் கேள். அப்பாவின் பெயர் மட்டும் இருந்தால் அம்மாவின் பெயரையும் சேர்க்கச் சொல். அந்த வீட்டுக்கான கொழுந்தை எடுத்தது பெரும்பாலும் அவள்தான்.

காசு. உன் இடர் கடனை லயச் சுவரில் போடாதே, இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். அரச ஊழியருக்கான சொத்துக் கடன் காணியும் உறுதியும் கேட்கும், அதை உனக்கென்று ஒரு துண்டு நிலம் வாங்குகிற நாளுக்கு வைத்துக்கொள். அப்பாவின் சேமலாப நிதியில் பத்து வருடப் பங்களிப்பும் மூன்று லட்சத்துக்குக் குறையாத மிச்சமும் இருந்தால், வீட்டுத் தேவைக்கென்று 30 வீதம் முன்கூட்டியே எடுக்கலாம். அதையும் இஸ்தோப்புக்கு எடுத்துவிடாதீர்கள். புதுவீட்டுக்கு அரசு கொடுப்பது அத்திவாரத்துக்கும் சுவருக்கும் கூரைக்கும் சரியாக இருக்கும். மேட்டுக்கு அணைகட்ட, கான் வெட்ட, கதவு ஜன்னலை நல்லதாகப் போட என்று வரும்போது அந்தக் காசு வேண்டும்.

அண்ணனிடம் நானே பேசுகிறேன், அவன் என் பேச்சைக் கொஞ்சம் கேட்பான். நீ வருகிற சனிக்கிழமை தோட்ட ஆபிசுக்குப் போய் உங்கள் காம்பிரா இலக்கத்தையும், அது யார் பெயரில் பதிந்திருக்கிறது என்பதையும் எழுதி வாங்கி வா. திங்கட்கிழமை லீவு போட முடிந்தால் பிரதேச செயலகத்துக்கும் சேர்ந்து போவோம். அண்ணியைப் பளுத் தூக்க விடாதே. பின்பக்க மேட்டை நாலு பக்கமிருந்தும் படமெடுத்து, பக்கத்தில் யாராவது ஒருவரை நிற்க வைத்து, உயரம் தெரியும்படி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா